மாண்டரின் மீனுக்கு முன்னால் அதன் இரை

கடல்நீர்த் தொட்டியில் மாண்டரின் மீன் சாவது பெரும்பாலும் பசியால்தான். ஒரே நாளில் போய்விடுவதும் இல்லை. ஆறு வாரம், எட்டு வாரம், சில சமயம் மூன்று மாதம்கூட இழுக்கும். அத்தனை நாளும் அது பாறைமேல் தத்தித் தத்திப் போய் எதையோ கொத்திக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு நன்றாகச் சாப்பிடுகிறது என்றே தோன்றும்.

என் முதல் மாண்டரினை அப்படித்தான் இழந்தேன். தொட்டி அமைத்து மூன்றாவது மாதம் வாங்கினேன். "பாறையில் இருப்பதைத் தின்று பிழைத்துக்கொள்ளும், தனியாக எதுவும் போட வேண்டாம்" என்று விற்றவர் சொன்னார். பத்தாவது வாரம் ஒரு காலையில் மேலிருந்து பார்த்தபோது தலை மட்டும் அகலமாகவும், அதற்குப் பின்னால் உடல் சூம்பிப்போயும் இருந்தது. அன்றுதான் அவசர அவசரமாக இரை தேடத் தொடங்கினேன். நான்கு நாளில் இறந்துவிட்டது. புதிதாக இந்த மீன்மேல் ஆசைப்படுபவர்கள் நான் செய்த வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் இரை, கடைசியில் மீன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

மாண்டரின், சின்கிரோபஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கடைகளில் அதிகம் வருவது சின்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ். உடல் முழுக்க நீலமும் ஆரஞ்சும் பின்னிய கோலம் போட்டது. புள்ளி மாண்டரின் எனப்படும் சின்கிரோபஸ் பிக்சுராட்டஸ் அதன் நெருங்கிய உறவு. இரண்டும் மேற்குப் பசிபிக்கின் பவளத்திட்டுகளில் வாழ்பவை, வளர்ந்தாலும் ஆறேழு சென்டிமீட்டரைத் தாண்டாதவை. பெரும்பாலான விலங்குகளில் நாம் பார்க்கும் நீலம், ஒளி சிதறுவதால் தெரிவது. இந்த இரண்டு மீன்களின் தோலில் இருப்பதோ உண்மையான நீல நிறமி. அந்த அழகைப் பார்த்துத்தான் எல்லோரும் விழுகிறோம்.

இதன் வாய் மிகச் சிறியது. காட்டு வாழ்வில் இது தின்பதெல்லாம் பாறையிடுக்கில் ஊரும் நுண்ணிய உயிர்கள்: கோபிபாட் எனப்படும் துடுப்புக்காலிகள், குட்டி ஆம்பிபாட்கள், சிறு புழுக்கள், மீன் முட்டைகள். ஒவ்வொன்றாகக் கண்ணால் தேடி, நின்று பார்த்து, உறிஞ்சி எடுக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இதே வேலை. ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்றுவிட்டு நாளெல்லாம் ஓய்ந்திருக்க இதற்கு முடியாது.

இன்னொன்று, அசைவதுதான் இதற்கு இரை. கோமாளி மீன் மேலே மிதக்கும் எதையும் பாய்ந்து கவ்வும். மாண்டரினோ தன் முகத்துக்கு நேரே விழும் உறைந்த இறால் துண்டைக் குப்பையாக நினைத்துத் தாண்டிப் போகும். திமிர் என்று நினைக்க வேண்டாம். அது இரை என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியவைக்க முடியும், ஆனால் அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் அது உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்குத்தான் தொட்டியில் முன்கூட்டியே உயிருள்ள இரை வேண்டும்.

தொட்டி பழுக்கட்டும்

புதுத் தொட்டியில் நீர்ச் சோதனை எல்லாம் சரியாக வந்தாலும் அங்கே நுண்ணுயிர் இரை இருக்காது. குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஓடிய தொட்டியில்தான் மாண்டரினை விட வேண்டும் என்பது என் கருத்து. உயிர்ப்பாறை, அதாவது நுண்ணிய உயிர்கள் குடியேறிய பாறை, நிறைய இருக்கட்டும். வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி, உப்புச்செறிவு ஆயிரத்துக்கு 35 (ஒப்படர்த்தி சுமார் 1.026), அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். இவை எந்தப் பவளத் தொட்டிக்கும் பொதுவானவைதான், நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

எத்தனை லிட்டர் வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். 200 லிட்டருக்குக் கீழே என்றால் இரையை நீங்கள் தொடர்ந்து வெளியிலிருந்து சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேலே என்றாலும், அளவை நம்பி இருந்துவிட முடியாது. நம்பத் தகுந்த சோதனை ஒன்று உண்டு. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் போய்க் கண்ணாடியின் உட்புறத்தையும் பாறை அடியையும் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஊர்கின்றனவா? ஒரு உள்ளங்கை அளவு கண்ணாடியில் எண்ண முடியாத அளவுக்குத் தெரிந்தால் நல்ல தொட்டி. தேடித் தேடி ஐந்தாறு கண்டுபிடித்தால் இன்னும் காத்திருங்கள். ஒரு மாதம் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் கணக்கு ஏமாற்றும்.

இரை பெருக ஓர் ஒதுக்கிடம்

மீன்கள் போக முடியாத ஓர் இடம் இருந்தால் கோபிபாட்கள் அங்கே பெருகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய தொட்டிக்கு வந்துகொண்டிருக்கும். கீழ்த்தொட்டி (பெரிய தொட்டியோடு இணைத்துக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருப்பவர்கள் அதில் ஓர் அறையை ஒதுக்கி, கீட்டோமார்ஃபா என்ற நூல்பந்து போன்ற பாசியையும் சில பாறைத் துண்டுகளையும் போட்டு, பெரிய தொட்டி இருட்டாக இருக்கும் நேரத்தில் அதற்கு விளக்கு எரியவிடலாம். கீழ்த்தொட்டி இல்லையென்றால் பரவாயில்லை. தொட்டியின் பின் மூலையில் சிறு பாறைத் துண்டுகளை நெருக்கமாகக் குவித்து வையுங்கள். மீனின் வாய் எட்டாத இடுக்குகள்தான் கோபிபாட்களின் பிரசவ அறை.

ஃபில்டரில் மாட்டும் துணிப்பை இந்த உயிர்களை வடிகட்டிவிடும். மாண்டரின் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிடுவதே மேல், அல்லது இரை விடும் நாட்களிலாவது எடுத்துவிட வேண்டும்.

வீட்டிலேயே கோபிபாட் வளர்ப்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மீன் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள்.

ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும் இரண்டு சுத்தமான பாத்திரங்கள். இரண்டு என்பது முக்கியம், காரணம் பிறகு சொல்கிறேன். அதில் தொட்டிக்குக் கலக்கும் அதே உப்பில் புதிதாகக் கலந்த நீர். தொட்டி நீரை எடுத்து ஊற்றினால் கூடவே வேறு உயிர்களும் வந்து கோபிபாட்களைத் தின்னும், அல்லது நெருக்கித் தள்ளும். ஏர் பம்ப் குழாயை நுனியில் கல் எதுவும் மாட்டாமல் நேரடியாக விட்டு, நொடிக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழிகள் வருமாறு வையுங்கள். பொடிக் குமிழிகள் வேண்டாம். வீட்டு வெப்பநிலையே போதும், நேர் வெயில் மட்டும் படக் கூடாது.

விற்பனைக்குக் கிடைக்கும் கோபிபாட்களில் இரண்டு பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பே மிகச் சிறியது, பாறையிடுக்கில் ஒட்டி வாழும். தொட்டியில் நிலைத்துக் குடும்பம் பெருக்குவது இதுதான். டிக்ரியோபஸ் அதைவிடப் பெரியது, சிவந்த நிறம், திறந்த நீரில் துள்ளித் திரியும். இது மீனின் கண்ணில் உடனே படும் என்பதால் தொட்டியில் அதிக நாள் தங்காது, தின்று தீர்த்துவிடும். ஆகவே டிஸ்பேயை விதையாகவும் டிக்ரியோபஸை விருந்தாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்துக்கு ஒன்று என்று பிரித்து வளர்க்கலாம்.

உணவு, நுண்பாசி நீர். டெட்ராசெல்மிஸ், ஐசோகிரைசிஸ், நானோகுளோராப்சிஸ் என்ற பெயர்களில் வரும். நீர் இளம்பச்சையாக (ஐசோகிரைசிஸ் என்றால் இளம்பழுப்பாக) தெரியும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் நீர் தெளிந்தால் அவை தின்றுவிட்டன என்று பொருள், மறுபடி ஊற்றுங்கள். கரும்பச்சையாக ஊற்றிவிட்டால் அடியில் அழுகி நாற்றமடிக்கும், ஒரே இரவில் எல்லாம் சாகும். அதனால்தான் இரண்டு பாத்திரம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்று எப்போதாவது கெட்டுப்போகும். மற்றதிலிருந்து விதை எடுத்து மறுபடி தொடங்கலாம்.

இரண்டு வாரம் கழிந்ததும் பாத்திரத்தின் சுவரில் முட்டைப்பையைச் சுமந்த பெண் கோபிபாட்களைப் பார்க்கலாம். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை எடுத்து, மிக நுண்ணிய வலையில் வடிகட்டி (50 மைக்ரான் அளவு இருந்தால் குஞ்சுகளும் தங்கும்), வலையில் நின்றதைத் தொட்டியில் விடுங்கள். எடுத்த அளவுக்குப் புது உப்புநீர் ஊற்றுங்கள்.

விடும் நேரம் இரவு. விளக்கு அணைந்த பிறகு பம்புகளை நிறுத்திவிட்டு, ஒரு குழாய் வழியாகப் பாறையின் அடியில் மெதுவாக இறக்குங்கள். அரைமணி நேரம் கழித்துப் பம்பைப் போடலாம். பகலில் மேலிருந்து கொட்டினால் மற்ற மீன்களுக்குத்தான் விருந்து. மாண்டரின் வருவதற்கு முன்பே இப்படி ஐந்தாறு முறை விதைத்திருக்க வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

பந்தியில் போட்டியாளர்கள்

ஆறுகோட்டு ராஸ் என்ற சிறு மீன் நாளெல்லாம் அதே பாறையில் அதே கோபிபாட்களை, மாண்டரினைவிடப் பல மடங்கு வேகமாகத் தேடித் தின்னும். அது இருக்கும் சிறு தொட்டியில் மாண்டரினை விடாதீர்கள். மற்ற ராஸ் வகைகளிலும் பல இப்படித்தான். ஒரே தொட்டியில் இரண்டு ஆண் மாண்டரின்கள் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். முதல் முதுகுமுள் நீண்டு கொடிபோல நிற்பது ஆண். ஸ்கூட்டர் பிளென்னி என்ற பெயரில் விற்பதும் உண்மையில் சின்கிரோபஸின் நெருங்கிய உறவுதான், இதே இரையைத்தான் தின்னும். ஆகவே அதையும் போட்டியாளர் கணக்கில் சேருங்கள்.

மீனைத் தேர்ந்தெடுப்பது

அவசரப்படாமல் பத்து நிமிடம் தொட்டி முன் நில்லுங்கள். நலமான மாண்டரின் சில நொடிக்கு ஒருமுறை எங்காவது கொத்தும். வயிறு வெளியே லேசாக உருண்டு இருக்க வேண்டும். மார்புத் துடுப்புக்குப் பின்னால் குழி விழுந்திருந்தாலோ, பக்கவாட்டில் எலும்புக் கோடு தெரிந்தாலோ, இரக்கப்பட்டு வாங்காதீர்கள். அந்த நிலையிலிருந்து மீட்பது அனுபவசாலிகளுக்கே கடினம். "என்ன சாப்பிடுகிறது?" என்று கேட்பதோடு நிற்காமல், "இப்போது போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். உறைந்த இரையை உங்கள் கண் முன்னே உறிஞ்சும் மீனாக இருந்தால், பாதி வேலையை யாரோ உங்களுக்காக முடித்துவிட்டார்கள்.

பண்ணையில் பிறந்த மாண்டரின்களும் இப்போது கிடைக்கின்றன. விலை கூடுதல், உருவம் சிறியது. ஆனால் குஞ்சிலிருந்தே மனிதர் போடும் இரையைத் தின்று வளர்ந்தவை. கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

தனிமைத் தொட்டி, அதாவது புது மீனுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனியே வைக்கும் தொட்டி, பற்றி ஒரு வார்த்தை. வெறும் கண்ணாடித் தொட்டியில் நான்கு வாரம் வைத்தால் நோய்க்குத் தப்பிய மீன் பசியால் போய்விடும். இதற்குச் செதில் கிடையாது, உடலைத் தடித்த கோழை மூடியிருக்கும். அதனால் வெண்புள்ளி நோய் மற்ற மீன்களைவிடக் குறைவாகத் தாக்கும் என்றாலும் வரவே வராது என்றில்லை. தாமிர மருந்தைத் தாங்கும் சக்தியும் இதற்குக் குறைவு. நான் செய்வது, சிறு தொட்டியில் சில உயிர்ப்பாறைகளும் நிறைய கோபிபாட்களும் விட்டு, மருந்து எதுவும் போடாமல் மூன்று நான்கு வாரம் கவனிப்பது. அந்த நாட்களையே இரை பழக்கும் பள்ளிக்கூடமாகவும் பயன்படுத்திக்கொள்கிறேன்.

உறைந்த இரைக்குப் பழக்குவது

பாலம் போல உதவுவது ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர் இறாலின் குஞ்சு. ஒரு லிட்டர் உப்புநீரில் அரைத் தேக்கரண்டி முட்டை, 26 முதல் 28 டிகிரி, பலமான காற்றோட்டம், மேலே ஒரு விளக்கு. 18 முதல் 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெறும் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் கூடும். அடிப்பக்கம் விளக்கைக் காட்டி, மெல்லிய குழாயால் குஞ்சுகளை மட்டும் உறிஞ்சி, நுண்வலையில் அலசிப் போடுங்கள். ஓடுகள் தொட்டிக்குள் போகக் கூடாது. மீனின் குடலை அடைத்துவிடக்கூடும்.

பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் கருவில் சேர்ந்த கொழுப்பு அப்படியே மீனுக்குப் போகும். ஒரு நாள் வைத்திருந்தால் அவை தம் சேமிப்பைத் தாமே தின்று தீர்த்துவிடும். பொரித்துப் பன்னிரண்டு மணி நேரம் போல ஆனதும் வாய் திறக்கும். அதன் பிறகு நுண்பாசியோ கொழுப்புச் சத்துத் திரவமோ ஊட்டி, அதைக் கொடுக்கலாம். வெறும் ஆர்ட்டீமியாவை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்து மீனை வைத்திருக்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பழக்கும் முறை இது. மாண்டரினைத் தொட்டிச் சுவரில் மாட்டும் துளைப்பெட்டிக்குள் விடுங்கள்; போட்டி இல்லை, இரை விலகி ஓடாது. முதல் சில நாள் உயிருள்ள ஆர்ட்டீமியாவும் கோபிபாட்களும் மட்டும், நாளுக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள் அருகில் வந்ததும் அது கண்ணை உருட்டி எதிர்பார்க்கத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். உறைந்த சைக்ளாப்ஸ் (ஒரு வகைக் கோபிபாட்), உறைந்த ஆர்ட்டீமியா, மீன்சினை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டி நீரில் கரைத்து வடித்து, உயிருள்ள குஞ்சுகளோடு கலந்து போடுங்கள். துள்ளும் குஞ்சுகளுக்கு இடையே அசையாத ஒன்றையும் தவறுதலாக உறிஞ்சும். துப்பும். மறுபடி உறிஞ்சும். துப்புவதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள், அதுதான் கற்றுக்கொள்ளும் அடையாளம். ஒவ்வொரு நாளும் உறைந்ததைக் கூட்டி உயிருள்ளதைக் குறையுங்கள். சில மீன்கள் பத்து நாளில் பழகும், சில ஆறு வாரம் எடுக்கும், சில கடைசிவரை பழகாது. பழகாத மீனுக்குக் கோபிபாட் பாத்திரங்களே வாழ்நாள் துணை. அதனால்தான் அதை முதலில் தொடங்கச் சொன்னேன்.

பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகு சாப்பாட்டு இடத்தை நிலையாக வையுங்கள். சிறிய கண்ணாடிக் குடுவையைப் பாறையடியில் படுக்கவைத்து, பம்பை நிறுத்திவிட்டு, நீண்ட குழாயால் இரையை அதற்குள் விடுவேன். மாண்டரின் நிதானமாக உள்ளே நடந்துபோய்ச் சாப்பிடும். அப்புறம், பெரிய மீன்களுக்கு மறுமூலையில் முதலிலேயே வேறு இரை போட்டுவிட்டால் அவை இங்கே வராது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பம்பை மறுபடி போட மறந்துவிடாமல் கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரா வாரம் வயிற்றைப் பாருங்கள்

தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. வாரம் ஒரு படம் பக்கவாட்டிலிருந்தும், ஒரு படம் மேலிருந்தும் எடுத்து, முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள். வயிறு தட்டையாவது தெரிந்த அன்றே கோபிபாட்களை இரட்டிப்பாக்குங்கள். குழி விழும்வரை காத்திருந்தால், நான் பட்டதுதான் நடக்கும். நன்றாகத் தின்னும் ஆணும் பெண்ணும் இருந்தால், விளக்கு மங்கும் நேரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொண்டு நீரில் மேலே எழுவதைப் பார்ப்பீர்கள். அது முட்டையிடும் நடனம். என் இரண்டாவது ஜோடி முதல்முறை அப்படி எழுந்த மாலையில் நான் அசையாமல் நின்றுவிட்டேன்.

மற்ற பிடிவாதக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாக. கடல்குதிரைக்கும் குழல்மீனுக்கும் இரைப்பையே கிடையாது. நாளுக்கு இரண்டு மூன்று முறையாவது மைசிஸ் இறால் வேண்டும், மெதுவான நீரோட்டம் வேண்டும், வேகமான மீன்கள் கூட இருக்கக் கூடாது. சிறுத்தை ராஸ் புது இடத்துக்கு வந்ததும் மணலுக்குள் புதைந்து நாட்கணக்கில் வெளியே வராமல் இருக்கும்; செத்துவிட்டதோ என்று தோண்டாதீர்கள், அந்தப் பயமே அதைக் கொல்லும். ஆரஞ்சுப்புள்ளி ஃபைல்மீன் காட்டு வாழ்வில் அக்ரோபோரா பவளத்தின் பாலிப்புகளைத் தின்று வாழ்வது. அதைப் புதியவர்கள் தொடவே வேண்டாம்.

வெளியூர் போக நேர்ந்தால், கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு பாத்திரக் கோபிபாட்களை முழுவதுமாக வடித்துத் தொட்டியில் விட்டுவிடுங்கள். மற்ற பாத்திரத்துக்கு நுண்பாசி ஊற்றும் வேலையையும், வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டி உறையவைத்த இரையைக் குடுவைக்குள் விடும் வேலையையும் மட்டும் வீட்டில் இருப்பவரிடம் ஒப்படையுங்கள். போவதற்கு முன் ஒருமுறை அவரையே செய்யவைத்து அருகில் நின்று பாருங்கள். திரும்பி வந்த அன்றே மீனை மேலிருந்து பாருங்கள். வயிறு ஒட்டியிருந்தால் அன்றிரவே மற்ற பாத்திரத்திலிருந்தும் எடுத்து விடுங்கள்.